ஆடாதண்ணனும் நின்றுபோன சக்கரமும்

கோலார் தங்கவயலில் அந்த நாளில் ஊருக்கெல்லாம் உத்தரவு போடத் துரைமார்கள் இருந்தார்கள். துரைமார்களுக்கு உத்தரவு போட ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் சொன்னால் துரை முகவாயைத் தூக்குவார், மீசையைத் தடவாமல் கையை மடியில் வைத்துக்கொள்வார், மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார். சீமையிலிருந்து ராணியே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும், நம்மவர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டி "ஆடாத!" என்று ஓர் அதட்டல் போட்டிருப்பார். ராணியும் ஆடியிருக்க மாட்டார் என்று நான் அடித்துச் சொல்வேன்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு காமிராப் பெட்டியும் முக்காலி ஸ்டாண்டுமாக ரயிலில் வந்து இறங்கினார். வந்த வாரமே ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை, மாமனார், புரோகிதர் மூவரையும் ஒரே அதட்டலில் அடக்கினார். அன்றிலிருந்து அவர் ஊருக்கே ஆடாதண்ணன். ஆள் நோஞ்சான். அந்த உடம்புக்குள் அப்படியொரு குரலை யார் கொண்டுபோய் வைத்தார்கள் என்று தெரியாது.

நான் அப்போது பஜாரில் ஒரு சின்ன அச்சாபீசில் எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, சோடா லேபிள், மாதா கோயில் திருவிழா நோட்டீஸ், இவைதான் எங்கள் சரக்கு. அச்சாபீசின் பின்கட்டை வாடகைக்குப் பிடித்து அதை இருட்டறையாக்கிக்கொண்டார் அண்ணன். ஆகவே நாள் முழுக்க அவரிடம் திட்டு வாங்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

அசைவு என்றால் அவருக்கு அப்படி ஒரு பகை. காப்பிக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்தவன் காலை ஆட்டினால் காப்பியை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். வெளியே படமெடுக்கும்போது பூதிகோட்டையிலிருந்து சந்தைக்கு வரும் ஆடுகள் குறுக்கே வந்தால் "சும்னிரு! அலுகாடபேடா!" என்று கன்னடத்தில் அதட்டுவார். கிழக்கிலிருந்து காற்று வந்து மரக்கிளையை ஆட்டினால் "கதலகு!" என்று தெலுங்கில் அதட்டுவார். காற்றுக்கு எதற்கு அண்ணே தெலுங்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"அது எங்கேர்ந்து வருது? தெலுங்கு சீமையிலேர்ந்து. தமிழ்ல சொன்னா அதுக்கு இன்னாடா புரியும்?" என்றார்.

படத்துக்கு எவ்வளவு நேரம் லென்சின் மூடியைத் திறந்து வைப்பது என்பதற்கு மற்ற போட்டோக்காரர்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். அண்ணன் ரயில் ஸ்டேஷன்களைச் சொல்வார். மூடியை எடுத்ததும் "காட்பாடி... குடியாத்தம்... ஆம்பூர்..." என்று நிதானமாக ஆரம்பிப்பார். வெயில் நன்றாக இருந்தால் ஆம்பூரிலேயே மூடிவிடுவார். மப்பாக இருந்தால் வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று வண்டி ஓடும். படமெடுத்துக்கொண்டு வந்தவர்களை "எது வரைக்கும் போனீங்க?" என்றுதான் ஊரில் கேட்பார்கள். குப்பம் வரை போனவர்கள் கழுத்துப் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

ஒருமுறை மைசூர் மைன்ஸ் என்ற சுரங்கத்தின் பக்கம் ஒரு பெரியவர் காலமாகிவிட்டார். கொஞ்சம் வசதியுள்ள வீடுகளில் இறந்தவரை நாற்காலியில் சாய்த்து மாலை போட்டுப் படமெடுத்து வைப்பார்கள். அண்ணன் போனார், காமிராவை நிறுத்தினார், துணிக்குள் புகுந்தார், பழக்கத்தில் "ஆடாத!" என்று ஒரு சத்தம் போட்டார். அழுதுகொண்டிருந்த வீடு ஒரு விநாடி வாயடைத்துப்போயிற்று. பிறகு அந்தப் பெரியவரின் மனைவிதான் முதலில் சிரித்தார் என்று சொல்வார்கள். அண்ணன் திரும்பி வந்து என்னிடம் உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "தங்கமான மனுசன்டா. சொன்னத முழுசா கேட்டவரு இந்த ஊர்ல அவரு ஒருத்தருதான்."

இப்படிப்பட்டவர் கையில்தான் வாழ்த்து அட்டை வியாபாரம் வந்து சேர்ந்தது.

துரைமார்களுக்குக் கிறிஸ்துமஸ் அட்டைகள் சீமையிலிருந்து கப்பலில் வரும். பனி மூடிய கோயில், பனி மூடிய மரம், மரத்தில் சிவப்பு மார்புள்ள ஒரு குருவி. அதை இங்கே வெயிலில் உட்கார்ந்து வாங்கி, கையெழுத்துப் போட்டு, திரும்பச் சீமைக்கே அனுப்புவார்கள். அண்ணனுக்கு இது பொறுக்கவில்லை. "நம்ம ஊர்ல இல்லாத குருவிய எதுக்குடா நம்ம ஊர்லேர்ந்து அனுப்பணும்?" என்று கேட்டவர், தாமே ஊரைச் சுற்றிவந்து படமெடுத்தார். மாதா கோயில், துரைமார் கிளப்பு, ஆலையின் புகைபோக்கி, தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டி வெள்ளை வெளேரென்று நிற்கும் சயனைடு மண் மேடு. படத்தைக் கெட்டி அட்டையில் ஒட்டிக்கொடுப்பார், கீழே நான் வாழ்த்து அச்சடிப்பேன். துரைகளுக்கு ஆங்கிலத்தில் கிறிஸ்துமஸ் வாழ்த்து. நம் ஜனங்களுக்குத் தமிழில், "இப்பவும் நாங்கள் க்ஷேமம். நீங்களும் க்ஷேமமாயிருக்க வேண்டியது." கடுதாசி எழுதத் தெரியாதவர்களுக்கு அதுவே கடுதாசி ஆயிற்று. குடியாத்தத்துக்கும் ஆரணிக்கும் திருப்பத்தூருக்கும் எங்கள் அட்டைகள் போயின.

ஆனால் துரையோ தொழிலாளியோ, எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான். சக்கரம்.

சுரங்கம் பார்க்காத வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பூமிக்குள் செங்குத்தாக இறங்கும் குழிக்கு ஷாஃப்ட் என்று பெயர். அதன் வாய்க்கு மேலே கோபுரம்போல ஓர் உயரமான சட்டம் நிற்கும். சட்டத்தின் உச்சியில் ஒரு பெரிய சக்கரம். சக்கரத்தின்மேல் ஓடும் கம்பிக் கயிற்றில்தான் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டு தொங்கும். அதைக் கேஜ் என்போம். தங்கவயலில் எங்கே நின்றாலும் அண்ணாந்தால் ஏதாவது ஒரு சக்கரம் கண்ணில் படும். மதுரைக்காரனுக்குக் கோபுரம் எப்படியோ எங்களுக்கு அது அப்படி.

அண்ணனுக்கு வந்த வினையும் அதுதான். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆள் ஏறி இறங்கும் நேரத்துக்குக் கொஞ்சம் நிற்கும். அவர் குடியாத்தம் தாண்டுவதற்குள் மறுபடி கிளம்பிவிடும். படத்தில் கோபுரம் ஆணி ஆணியாகத் தெளிவாக இருக்கும், உச்சியில் சக்கரம் மட்டும் புகையாக இருக்கும். மேலே பார்த்து எத்தனை "ஆடாத" போட்டாலும் அது கேட்கவில்லை. நம் ஜனங்கள் அந்தப் புகைச் சக்கரத்தைச் சந்தோஷமாக வாங்கிப் போனார்கள். அண்ணன்தான் ஒவ்வோர் அட்டையையும் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்த வருஷம் ஒரு சுரங்கத்துக்குப் புதுத் துரை ஒருவர் வந்தார். எந்தச் சுரங்கம் என்று சொல்லப்போவதில்லை. மனிதர் இளவயது, வேகம். சீமையிலிருக்கும் முதலாளிமார்களுக்கெல்லாம் தன் சுரங்கத்தின் சக்கரம் போட்ட அட்டை அனுப்பவேண்டும் என்று அண்ணனைக் கூப்பிட்டனுப்பினார். புகைச் சக்கரத்தைப் பார்த்ததும் அட்டையை மேஜைமேல் வீசினார். அழுக்குத் தட்டுபோல இருக்கிறதாம். ஆரக்கால்கள் ஒவ்வொன்றாகத் தெரியவேண்டுமாம். கிறிஸ்துமஸுக்குப் போய்ச் சேரும் கப்பல் தபால் அடுத்த வாரம். அதற்குள் முடியாவிட்டால் பெங்களூரிலிருந்து வேறு ஆள் வருவான், நீ சுரங்க எல்லைக்குள் இருக்கவேண்டிய அவசியமில்லை என்று சொல்லிவிட்டார்.

இது வெறும் மிரட்டல் இல்லை. தங்கம் விளையும் பூமி பாருங்கள், எல்லைக்குள் யார் இருக்கலாம், யார் கூடாது என்பதெல்லாம் துரைமார் கையில். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான். அண்ணனுக்கு வேறு ஊரும் இல்லை, உறவும் இல்லை. இங்கே இருக்கிற கல்யாணமும் ஞானஸ்நானமும்தான் அவருக்கு வீடு வாசல். அன்று சாயங்காலம் அவர் ஒருவரையும் திட்டவில்லை. எனக்கு அப்போதே பயம் வந்துவிட்டது.

மறுநாள் காலை அவரே துரையிடம் போய், சக்கரத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் ஆரக்கால் எல்லாம் வரும் என்று சொல்லியிருக்கிறார். துரை அதற்கென்ன என்று ஒரு சீட்டெழுதிக் கொடுத்துவிட்டார்.

சக்கரத்தை ஓட்டும் இஞ்சின் டிரைவர் சூசை, எங்கள் மாதா கோயில்காரர். சீட்டைப் படித்ததும் அவர் முகம் கறுத்தது. துரையும் கூடவே வந்திருந்தார்.

"தொரை, வேணாம். ஆளுங்க கீழ கீறாங்க. ஏத்தி எறக்கத்தான் சக்கரம் நிக்கும். அதுக்கு மேல நின்னா லைன்ல பொம்பளைங்க..."

"ஃபைவ் மினிட். ஒன்லி ஃபைவ் மினிட்!" என்று துரை கையைக் காட்டி அவர் வாயை மூடிவிட்டார்.

நான் காமிராவுக்குப் பக்கத்தில் கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த ஷிஃப்டில் என் தம்பி தாசு கீழே இருந்தான். "அண்ணே, சூசை சொல்றது..." என்று ஆரம்பித்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பாமலே "ஆடாத" என்றார். அவர் கண்ணெல்லாம் மேலே, சக்கரத்தில் இருந்தது.

சூசை நெம்புகோலை இழுத்தார். காலியாக இறங்கிய கேஜ் அடியில் போய்ச் சேர, சக்கரம் மெதுவாகி நின்றது.

நின்றதா, எடுத்தோமா, போனோமா என்று இருந்திருக்கவேண்டும். ஆனால் இவர் ஆடாதண்ணன் ஆயிற்றே. ஆரக்கால் கோணலாக நிற்கிறதாம். "சூசை, ஒரு முழம் இப்டி! அய்ய, ஜாஸ்தி. ஒரு சாண் அப்டி!" என்று சக்கரத்தை நேராக்கினார். நேரானதும் சூரியனுக்குமேல் மேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. அண்ணன் மேகத்தைத் தெலுங்கில் திட்டினார். மேகம் நகரவில்லை. துரை கடிகாரத்தைப் பார்த்தார். சூசை நெற்றியைத் துடைத்துக்கொண்டு லைன் வீடுகள் இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

லைன் என்பது தொழிலாளிகளின் தகரக் குடிசைகள் வரிசையாக இருக்கும் இடம். அங்கே பெண்கள் சமைப்பார்கள், துவைப்பார்கள், சண்டை போடுவார்கள். எதைச் செய்தாலும் நடுநடுவே தலையைத் தூக்கிச் சக்கரத்தை ஒரு பார்வை பார்ப்பார்கள். சுற்றுகிறதா, சரி. ஏறி இறங்கும் நேரத்துக்கு மேல் அது நின்றால் கீழே என்னவோ ஆகிவிட்டது என்று அர்த்தம். பாறை வெடித்திருக்கும், அல்லது கயிறு அறுந்திருக்கும். யாரும் வந்து சொல்லமாட்டார்கள். சக்கரம்தான் சொல்லும்.

மேகம் விலகிற்று. அண்ணன் மூடியை எடுத்தார். "காட்பாடி... குடியாத்தம்... ஆம்பூர்..." மூடினார். "வந்துடுச்சுடா! ஒவ்வொரு ஆரக்காலும் வந்துடுச்சு!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் ஒருவரை உலுக்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் ஏதோ காற்று என்று நினைத்தேன். திரும்பினால் மேட்டின்மேல் ஏறி ஜனம் வந்துகொண்டிருந்தது. மாவு கையோடு வந்தவர்கள், ஈரத் துணியோடு வந்தவர்கள், பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்கள். எல்லாருக்கும் முன்னால் என் தம்பி பெண்டாட்டி லூர்து, கையில் கரண்டியோடு ஓடிவந்தாள். கறுப்புத் துணியோடு நின்ற என்னைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை இன்றைக்கும் என்னால் சொல்லமுடியாது. நான் அங்கே நிற்பதற்கு அவளுக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்.

"மாமா! அவருக்கு இன்னா மாமா ஆச்சு? உங்கள யாரு கூட்டியாந்தாங்க?"

"ஒண்ணும் இல்லம்மா, படம்..." என்றேன்.

அவள் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் யார் நம்புவார்கள்? படத்துக்காகச் சக்கரத்தை நிறுத்துவார்கள் என்று எந்தப் பைத்தியக்காரன் நினைப்பான்? போதாக்குறைக்குத் துரை வேறு அங்கே நின்றார். துரை ஷாஃப்ட் வாயில் நின்றால் அது சாவுதான் என்று ஊருக்கே தெரியும். அவரும் வெளுத்த முகத்தோடு "கோ பேக்! கோ பேக்!" என்று கத்தினார். அழுகை இன்னும் கூடிற்று.

கூட்டம் ஷாஃப்ட் வாயைச் சுற்றியிருந்த மரக் கிராதியை நெருக்க ஆரம்பித்தது. கிராதிக்கு அந்தப் பக்கம் குழி. கேஜ் கதவுக்காரன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தள்ளிப் பார்த்தான், முடியவில்லை. நான் சூசையிடம் ஓடினேன்.

"ஓட்டுங்க சூசை! சக்கரம் சுத்துனா எல்லாம் அடங்கிடும்!"

"எப்டி ஓட்றது? கீழேர்ந்து மணி அடிச்சாத்தான் ஓட்டணும். அப்ப கேஜ் காலி, அசைச்சேன். இப்ப அதுல ஏறுறவன் பாதி ஏறிகினு நிப்பான், நான் இழுத்தா ஆளு ரெண்டாயிடும். இந்த ஒப்பாரில மணி அடிக்குதா இல்லையான்னு எனக்கு இன்னாயா தெரியும்?"

 எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. அழுகை நின்றால்தான் மணி கேட்கும். மணி கேட்டால்தான் சக்கரம் சுற்றும். சக்கரம் சுற்றினால்தான் அழுகை நிற்கும். கிராதியில் ஒரு கட்டை முறிந்த சத்தம் கேட்டது. கீழே ஒன்றும் ஆகவில்லை என்று ஊரிலேயே நன்றாகத் தெரிந்த எனக்கே, தாசு போய்விட்டான் என்றே தோன்றிவிட்டது.

அண்ணன் எங்கே என்று பார்த்தேன். அவர் காமிராவைத் திருப்பிக்கொண்டிருந்தார். மேலே சக்கரத்தைப் பார்த்திருந்ததை, கீழே கூட்டமும் மேலே சக்கரமும் விழும்படி இறக்கி, படம் பதியும் கண்ணாடி பிளேட் புதிதாக ஒன்றைச் செருகினார். பிறகு பிளேட் வைக்கும் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றார். காற்றடித்தால் விழுந்துவிடுகிற உடம்பு. கறுப்புத் துணியைத் தலைக்குமேல் தூக்கி ஒரு வீசு வீசினார்.

"எல்லாரும் பொட்டியப் பாரு! ஆடாத!"

அதே கல்யாணக் குரல். அந்தக் கூட்டத்தில் அவர் முன்னால் ஒருமுறையாவது மூச்சடக்கி நிற்காதவர்கள் யாருமே இல்லை. தாலி கட்டிய அன்று நின்றிருக்கிறார்கள், பிள்ளைக்குத் தண்ணீர் தெளித்த அன்று நின்றிருக்கிறார்கள். உடம்புக்குப் பழகிப்போயிருந்தது. முன்வரிசையில் ஒருத்தி அழுதுகொண்டே முந்தானையைச் சரிசெய்தாள். இன்னொருத்தி பிள்ளையின் மூக்கைத் துடைத்து முகத்தைக் காமிராப் பக்கம் திருப்பினாள்.

"பின்னாடி வாங்க! வேலிய வுட்டு நாலு தப்படி பின்னாடி! நெட்டைங்கெல்லாம் கடைசி வரிசை! யம்மா, கரண்டிய எறக்கு, மூஞ்ச மறைக்குது! ஆடாத!"

கூட்டம் பின்னுக்கு வந்தது. வரிசை வரிசையாக நின்றது. வாயில் சேலையை அடக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் ஓட, பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றது. தங்கவயலில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. அண்ணன் ஒரு கையை மூடியின்மேல் வைத்துக்கொண்டு, "காட்பாடி..." என்றார்.

மணி இல்லை.

"குடியாத்தம்... ஆம்பூர்... வாணியம்பாடி..."

சூசை கழுத்தை நீட்டிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். துரைகூட ஆடவில்லை.

"ஜோலார்பேட்டை... குப்பம்..." அண்ணனின் குரல் இறங்கிற்று. குப்பத்துக்கு மேல் அவர் போய் நான் கேட்டதேயில்லை. "பங்காருபேட்டை..." லூர்துவின் உதடு துடிக்க ஆரம்பித்தது. இன்னும் ஒரு நொடியில் அவள் ஓடுவாள். அவள் ஓடினால் எல்லாரும் ஓடுவார்கள். கிராதி தாங்காது. "மாலூர்..." என்றார் அண்ணன், யாரையோ கெஞ்சுவதுபோல.

மணி அடித்தது.

சூசை நெம்புகோலை இழுத்தார். மேலே சக்கரம் ஒருதரம் முனகிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. கூட்டத்திலிருந்து ஒரு மூச்சு கிளம்பிற்று. அப்போதும் அண்ணன் விடவில்லை. "இன்னும் முடியல! ஆடாத!" என்று கேஜ் மேலே வந்து கதவு திறக்கும்வரை அவர்களை அப்படியே பிடித்து நிறுத்தினார். நடுவில் எப்போது மூடியைத் திறந்தார், எப்போது மூடினார் என்று நான் பார்க்கவில்லை.

கேஜிலிருந்து முதலில் இறங்கியவன் என் தம்பி தாசு. முகமெல்லாம் தூசி. வரிசையாக நிற்கும் கூட்டத்தைப் பார்த்தான், காமிராவைப் பார்த்தான்.

"இன்னா, யாருக்குக் கல்யாணம்?" என்றான்.

லூர்து ஓடிப்போய்க் கரண்டியாலேயே அவன் தோளில் ஒரு போடு போட்டாள். பிறகு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். நானும் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாகவே அழுதேன்.

துரைக்கு அவமானம். தன் சீட்டுதான் இத்தனைக்கும் காரணம் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவர் அண்ணனிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: நாளைக் காலை சக்கரப் படம் என் மேஜைக்கு வரவேண்டும், வராவிட்டால் நாளைச் சாயங்காலம் நீ எல்லைக்குள் இருக்கக்கூடாது.

அன்று மாலை அச்சாபீசின் பின்கட்டில் அண்ணன் இரண்டு பிளேட்டையும் கழுவினார். முதலாவதை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். நின்ற சக்கரம். ஆரக்கால் ஒவ்வொன்றும், கயிற்றின் முறுக்குக்கூட, அப்படியே விழுந்திருந்தது. அவர் எடுத்ததிலேயே இதற்கு ஈடான படம் கிடையாது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுத்துடுங்கண்ணே," என்றேன். "தொல்ல வுட்டுது. நீங்க இங்கியே இருக்கலாம்."

"இத யாருக்குடா அனுப்புவ? இதுக்குக் கீழ க்ஷேமம்னு நீ அச்சடிப்பியா?"

 லூர்துவின் முகம் நினைவுக்கு வந்தது.

"அவன் சீமைல கீறவங்களுக்குத்தான அனுப்பப் போறான், அவங்களுக்கு இன்னா தெரியும்னு நெனைக்கிற. எனக்குத் தெரியுமே," என்றார். பிளேட்டைச் சலவைச் சோடாத் தண்ணீரில் போட்டார். ஊறியதும் எடுத்துச் சுரண்டினார். ஆரக்கால் ஆரக்காலாக அந்தச் சக்கரம் கரைந்து போயிற்று. கண்ணாடி வெறும் கண்ணாடி ஆகும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன். எனக்குக் கோபமாகவும் இருந்தது, அவர் காலைத் தொடவேண்டும் போலவும் இருந்தது.

மறுநாள் இரண்டாவது படத்தை எடுத்துக்கொண்டு துரையிடம் போனார். நானும் கூடப் போனேன். கீழே வரிசை வரிசையாக லைன் பெண்கள், ஒவ்வொரு முகமும் கண்ணீர்த் துளியோடு தெளிவாக இருந்தது. மேலே சக்கரம் வெறும் புகை.

"வேர் இஸ் மை வீல்?" என்றார் துரை.

"தட் வீல் நோ, சார்," என்றார் அண்ணன். "வீல் ஸ்டாப், ஆல் லேடீஸ் க்ரை, சார். ஹௌ ஐ ஸே ஹேப்பி கிறிஸ்துமஸ், சார்?"

துரை அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். மனம் மாறிவிட்டது என்றே நினைத்தேன். மாறவில்லை. சொன்னது சொன்னதுதான் என்று வாசலைக் காட்டினார். படத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. மேஜை டிராயரைத் திறந்து உள்ளே வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்கால ரயிலில் ஸ்டாண்டையும் பெட்டியையும் நான்தான் ஏற்றிவிட்டேன். அண்ணன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், எதிரே காலாட்டிக்கொண்டிருந்த ஒரு வியாபாரியை முறைத்துக்கொண்டே போனார்.

ரயிலில் ஏறியவர் வெகுதூரம் போய்விடவில்லை. பங்காருபேட்டை ஸ்டேஷனுக்கு எதிரே, சுரங்க எல்லைக்கு வெளியே, ஒரு ஓட்டு வீட்டைப் பிடித்துக் கடை போட்டுவிட்டார். அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் தாசும் லூர்துவும் அவரைப் பார்க்கக் கிளம்பினோம். ரயிலில் நிற்க இடமில்லை. லைனில் பாதி வண்டியில் இருந்தது. புதுச் சேலையும் எண்ணெய் வைத்த தலையுமாக, குழந்தைகளோடு, கிழங்களோடு, எல்லாரும் பங்காருபேட்டையில் இறங்கி அந்த ஓட்டு வீட்டு வாசலில் போய் நின்றார்கள்.

அண்ணன் வெளியே வந்து பார்த்தார்.  பிறகு கோபம் வந்துவிட்டது.

"இத்தினி பேரு ஒரே நாள்ல வந்தா நான் இன்னா பண்றது? பிளேட்டுக்கு எங்க போறது? எல்லாருக்கும் படமா எடுக்கணும்?"

"படம் எடுத்தா எடுங்க, எடுக்காட்டி போங்க," என்றாள் லூர்து. "நாங்க உங்களப் பாக்கத்தான் வந்தோம்."

அவர் சட்டென்று திரும்பி உள்ளே போய்விட்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை. அப்புறம் எல்லாருக்கும் காப்பி வந்தது.

பிளேட் அண்ணனிடமே இருந்தது; புகைச் சக்கரமும் லைன் பெண்களும் உள்ள அந்தப் படத்தைத்தான் அந்தப் பொங்கலுக்கு அட்டை போட்டோம். கீழே "இப்பவும் நாங்கள் க்ஷேமம்" என்று நான் அச்சடித்தேன். எத்தனை போட்டும் போதவில்லை.

அதற்குப் பிறகு அவர் இருந்தவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் ரயில் ஏறிவிடுவேன். போய் உட்கார்ந்ததும், தோளை இறக்கு, கோணலாக உட்காராதே, முகத்தை ஏன் இப்படி வைத்திருக்கிறாய் என்று ஆரம்பித்து, கடைசி வண்டி வரும்வரை திட்டுவார். பங்காருபேட்டையில் எனக்கு வேறு வேலை எதுவும் கிடையாது.